ஒயர்லெஸ்ஸுக்கு எத்தனை ஒயர்?

"ஒயர்லெஸ்"னு பேரு வச்சதே தப்பு. சுவரில் மாட்டுற அந்த வெள்ளை டப்பாவுக்கு நெட்டும் வேணும், கரண்டும் வேணும். ரெண்டுமே ஒயரில்தான் வரும். போன ஆடிக் கிருத்திகைக்கு முன்னாடி எங்க மாமா கடைக்கு வைஃபை போட்டப்போதான் இது நல்லா புரிஞ்சது.

திருத்தணி மலையடிவாரத்தில் அர்ச்சனைப் பொருள் கடை. 365 படி ஏறப் போறவங்க தேங்காய், பூ, கற்பூரம் வாங்கும் இடம். ஆந்திராவிலிருந்து வர்றவங்க நிறைய, "ஃபோன்பே உந்தா?" என்பதுதான் முதல் கேள்வி. கிருத்திகைக் கூட்டத்தில் அத்தனை போனும் ஒரே டவரில் தொங்கும்போது, சிக்னல் முழுசா காட்டினாலும் பணம் போகாது. பின்னால் நிற்கிறவர் அடுத்த கடைக்குப் போயிடுவார். மாமாவுக்கு அந்தச் சில நாள் வியாபாரம்தான் பெரிசு.

மாமா வீட்டில் ஃபைபர் இருக்கு. அங்கிருந்து கடைக்கு ஒயர் போகும் வழி 60 மீட்டர். ஈதர்நெட் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர், அதனால் நெட்டுக்குக் கவலையில்லை. கரண்டுக்கு, 230 வோல்ட் ஒயரையும் அதே பைப்பில் விட்டுடலாம் என்றார் எலக்ட்ரீஷியன் அண்ணன். மழையில் நனையும் தகரக் கூரை, ஒயரை இழுத்து விளையாடும் குரங்குகள். உறை கிழிஞ்சா என்ன ஆகும்?

"வேணாம் மாமா, நெட் கேபிளிலேயே கரண்டையும் அனுப்பலாம்."

"ஷாக் அடிக்காதாடா மாப்ள?"

இதுக்குப் பேர் பவர் ஓவர் ஈதர்நெட். 2003-இல் வந்த ஸ்டாண்டர்டு. ஸ்விட்ச் எடுத்தவுடனே கரண்ட் விடாது. சின்ன வோல்டேஜ் அனுப்பி, மறுமுனையில் 25 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கான்னு பார்க்கும். இருந்தால்தான் 48 வோல்ட் டிசி.

ஏன் 48? 60 மீட்டர் கேபிளில் போக வர சுமார் 5 முதல் 6 ஓம். 12 வாட் டப்பாவுக்கு 48 வோல்ட்டில் கால் ஆம்பியர் போதும். வழியில் குறைவது ஒன்றரை வோல்ட்தான். அதே 12 வாட்டை 12 வோல்ட்டில் அனுப்பப் பார்த்தால் ஒரு ஆம்பியர் வேணும். அப்போ பாதி வோல்டேஜ் கம்பியிலேயே போயிடும், டப்பா ஆன் ஆகாது. ஊர் விட்டு ஊர் போகும் மின்சார லைன் 230 கிலோவோல்ட்டில் போவதும் இதே கணக்குதான்.

கேபிள் வாங்கும்போது கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்க. உள்ளே வெள்ளையா தெரிஞ்சா அது செம்பு பூசிய அலுமினியம். விலை குறைவு, ஆனா மின்தடை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. நாங்க வாங்கினது முழுச் செம்பு, வெயில் தாங்கும் கறுப்பு உறை. குரங்குக்காக இரும்பு பைப். டப்பாவுக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழே தொங்கவிட்டு மேலே ஏத்தினோம். மழைத்தண்ணி அந்த வளைவிலேயே சொட்டிடும்.

கிருத்திகை அன்னிக்குச் சாயங்காலம் கரண்ட் போச்சு. ஸ்விட்சும் ரவுட்டரும் வீட்டு இன்வெர்ட்டரில் இருந்ததால, இருட்டுக் கடையில் வைஃபை லைட் மட்டும் எரிஞ்சுது. பக்கத்துப் பூக்கடை அக்கா, "அண்ணே, எனக்கும் பாஸ்வேர்டு சொல்லுங்க"ன்னு ஓடி வந்தாங்க. மாமா யோசிக்காம சொல்லிட்டாரு.