மழை நாள் பேர்

யட்டியாந்தோட்டைக்கு மேலே ஏறும் மலைகளில் தேயிலையும் உண்டு, ரப்பரும் உண்டு. எங்கள் லயம் ரப்பர் பக்கம். ரப்பர் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காலையில் அம்மா கிடையாது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் கருக்கலிலேயே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். நாங்கள் பாயைச் சுருட்டும் நேரத்துக்கு அம்மா இரண்டு மூன்று வரிசை மரத்தில் பால் வெட்டி முடித்திருப்பாள். அடுப்போரம் மூடி வைத்த ரொட்டியும் சம்பலும்தான் அவள் வீட்டில் இருந்ததற்குச் சாட்சி.

பால் வெட்டு பார்க்க லேசான வேலை. கத்தி முனையால் பட்டையை மெல்லிசாகச் சீவி இழுக்க வேண்டும். ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், கங்காணி கத்துவார். குறைந்தால் பால் வராது, எடை குறையும். சிரட்டைகள் நிறையக் காத்திருந்து, வாளியோடு அதே மரங்களை மறுபடி சுற்றி, ஸ்டோருக்குச் சுமந்து, எடை போட்டு வீடு திரும்ப மதியம் தாண்டிவிடும். அப்பாவும் பால் வெட்டுத்தான். ஆனால் அவருடைய பொழுது ஸ்டோரோடு முடிந்தது, கோயிலடியில் சீட்டுக்கட்டு காத்திருக்கும். அம்மாவுக்கு அதற்குப் பிறகுதான் விறகு, பீலித் தண்ணி, உலை. 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்று ஆனபோதும் பீலிக்கரையில் குடத்தோடு நின்ற ஆம்பிளை யாரையும் நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமையாவது இருப்பாளா என்றால், கைக்காசு வெட்டு என்று அன்றைக்கும் போய்விடுவாள்.

ராத்திரியே தகரத்தில் மழை விழுந்தால் நானும் தங்கச்சியும் போர்வைக்குள் கிள்ளிக்கொள்வோம். நனைந்த பட்டையில் வெட்டினால் பால் வெட்டுக் கோட்டை விட்டு வழிந்துவிடும், சிரட்டையில் விழுந்ததையும் மழை கழுவிக்கொண்டு போகும். ஆகவே பெரட்டுக்குப் போனவர்களும் திரும்பி வருவார்கள். சப்ரகமுவ மழையைச் சொல்ல வேண்டுமா? வைகாசியில் பிடித்தால் மலையே தெரியாது.

அந்த நாட்களில்தான் அம்மா எங்கள் ஆள். தலைக்கு எண்ணெய் வைப்பாள், பேன் பார்ப்பாள், தணலில் பலாக்கொட்டை சுடுவாள். போன வருசம் பொறுக்கி வைத்த ரப்பர் கொட்டைகளை எடுத்துப் பல்லாங்குழி ஆடுவோம். அவளை யாரும் ஜெயித்ததில்லை. சின்னப் பிள்ளைதானே என்று விட்டுக்கொடுக்கிற குணமெல்லாம் அவளிடம் இல்லை. தங்கச்சி அழுதாலும் குழியை வழித்து எடுத்துக்கொள்வாள். அந்தச் சிரிப்பை வெயில் நாட்களில் நான் கண்டதில்லை. அவள் கையிலும் சேலையிலும் ஒட்டிக் காய்ந்த பால் நூல்களை உரித்து உரித்து நான் ஒரு பந்து சுற்றினேன். சிரட்டையில் உறைந்த ஒட்டுப்பால் எடைக்குப் போகும், அதில் கை வைக்கக் கூடாது. எடைக்குப் போகாத அந்த நூல்தான் எனக்கு. சுவரில் அடித்தால் கூரை வரை எகிறும்.

மூன்றாம் நாளும் மழை விடாவிட்டால் அம்மா பல்லாங்குழிக்கு வரமாட்டாள். வாசலில் நின்று வானத்தையே பார்ப்பாள். வெட்டு இல்லாவிட்டால் வேலைக் கணக்கில் பேர் இல்லை, பேர் விழாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. கடைக்காரரின் கடன் கொப்பி மட்டும் மழையிலும் நிற்காது. “நம்ம பாலு கப்பலேறிச் சீனாவுக்குப் போயி அரிசியாத் திரும்பி வருது” என்பார் அப்பா. 1952இல் போட்ட ரப்பர் அரிசி ஒப்பந்தத்தைப் பற்றி அவருக்கு அவ்வளவு பெருமை. “இந்த வாரம் எந்தக் கப்பலு வருதுன்னு கேட்டுச் சொல்லுங்க” என்பாள் அம்மா. இதெல்லாம் காதில் விழுந்தும், இன்னும் ஒரு நாள் பெய்யட்டும் என்றே எனக்கு இருக்கும்.

பிற்பாடு வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடை கட்டும் வழக்கம் வந்தது. மழை நீர் கோட்டில் இறங்காது, வெட்டு நிற்காது. பேர் விழுந்தது. அம்மாவுக்கு அதில் நிம்மதிதான்.

தங்கச்சியின் மகள் இப்போது அவிசாவளை சீதாவாக்கை ஆடைத் தொழிற்சாலைக்கு இருட்டில் பஸ் ஏறுகிறாள், ஓவர்டைம் முடிந்து இருட்டில் இறங்குகிறாள். ஒரு மழை ராத்திரியில் அவளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். கால் வீக்கத்துக்குத் தைலம் தேய்த்தபடி கேட்டாள், “மழைக்கு லீவா? சம்பளம் குடுத்தாங்களா மாமா?”

“இல்லம்மா.”

“அப்ப அம்மாயி சிரிச்சிச்சின்னு சொல்றீங்க?”

“மொத ரெண்டு நாளு” என்றேன்.