கன்று வாங்கிய இடம்

ஒவ்வொரு கோப்புறையிலும் ஒரே குறிப்பு கிடந்தது. கவலைப்பட வேண்டாம், உங்கள் கோப்புகளையெல்லாம் மீட்டுத் தர முடியும் என்று ஆறுதலாகத் தொடங்கி, அடுத்து விலையைச் சொன்னது: 980 டாலர். 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி, 490 டாலர். சந்தேகம் இருந்தால் ஒரு கோப்பை அனுப்பலாம், இலவசமாகத் திறந்து காட்டுவார்களாம். ஆனால் அதில் மதிப்புள்ள விவரம் எதுவும் இருக்கக் கூடாதாம்.

போடிநாயக்கனூரில் சித்தப்பா வீட்டுக் கணினி அது. போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்துக்கு அவர் கணக்கு எழுதுகிறார். விடியற்காலையில் ஜீப் ஏறி மலைக்குப் போகும் பெண்களின் ஆஜர், யார் எத்தனை கிலோ பச்சைக்காய் எடுத்தார்கள், யாருக்கு எவ்வளவு முன்பணம், ஸ்டோரில் உலர்த்திய பிறகு நின்ற எடை, ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏலத்தில் எந்த லாட் என்ன விலைக்குப் போனது எல்லாம் அதற்குள் இருந்தன. கூடவே மகளின் கல்யாணப் படங்கள். ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் பொருளில்லாத நான்கு எழுத்துகள் ஒட்டியிருந்தன. எதுவும் திறக்கவில்லை.

பணம் கட்டுவதில்லை என்று சித்தப்பா உடனே முடிவு செய்துவிட்டார். கட்டினாலும் சாவி வரும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. அவரை உறுத்தியது வேறு. "ஆன்டிவைரஸ் இருந்துச்சேப்பா. அப்புறம் எப்படி உள்ள வந்துச்சு?"

ஏலத்தோட்டக்காரர் கேட்கும் கேள்விதான் இது. கட்டே நோய் கண்ட செடியின் இளம் இலையில் வெளிர்பச்சைக் கோடுகள் ஓடும். தூர் சிறுத்துக்கொண்டே போகும், காய்ப்பு விழும். அசுவினி பரப்பும் வைரஸ் அது, மருந்து கிடையாது. நோய் கண்ட தூரைத் தோண்டி அழிப்பதும், நோயில்லாத கன்றாகப் பார்த்து நடுவதும்தான் வழி. புதுத் தோட்டத்தில் கட்டே தலைகாட்டினால் முதல் விசாரணை கன்று வாங்கிய இடத்தைப் பற்றித்தான். "இதுக்கும் கன்னு எங்கருந்து வந்துச்சுன்னு பாரு" என்றார். நான் தேடத் தொடங்கியது அந்த வார்த்தைக்காகத்தான்.

நோயின் பெயர் சீக்கிரம் தெரிந்தது. யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் இரண்டு பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016 ஜூலையில் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில், பூட்டுப்பட்ட கோப்பையும் மிரட்டல் குறிப்பையும் கொடுத்தால் எந்த வகை என்று சொல்லிவிடுகிறார்கள். 'ஸ்டாப்' என்றும் 'டிஜேவியு' என்றும் அழைக்கப்படும் ரான்சம்வேர் இது. பெரிய நிறுவனங்களை விட்டுவிட்டு வீட்டுக் கணினிகளைக் குறிவைப்பது. ஓடத் தொடங்கியதும் விண்டோஸ் அப்டேட் நடப்பதாக ஒரு போலி ஜன்னலைக் காட்டும். பார்ப்பவர் காத்திருப்பார். அதற்குள் ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவை மட்டும் குறியாக்கம் செய்துவிட்டு அடுத்ததற்குத் தாவும். கணக்குக் கோப்புகள் பெரும்பாலும் அந்த அளவுக்குள்ளேயே முடிந்துவிடுவதால் முழுசாகப் போய்விடும். நீளமான வீடியோக்களில் மிச்சத்தை ஓரளவு மீட்கலாம். விண்டோஸ் தானாக எடுத்துவைக்கும் பழைய நகல்களையும் அது அழித்துவிடும். உதவி தேடிப் போகக் கூடாதென்று, பாதுகாப்புத் தளங்கள் திறக்காதபடி கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் கை வைக்கும்.

மீட்க வழி இருக்கிறதா என்று பார்த்தபோதுதான் மனம் கனத்தது. இந்த நிரல் தன் சர்வரைத் தொடர்புகொள்ள முடிந்தால், அந்தக் கணினிக்கென்றே தனியாக ஒரு சாவியை வாங்கிப் பூட்டுகிறது. தொடர்பு கிடைக்காவிட்டால் தனக்குள் இருக்கும் பொதுச் சாவியால் பூட்டுகிறது. பொதுச் சாவி யாரோ ஒருவர் வழியாக வெளியே வந்துவிட்டால், அதே வகையால் பாதிக்கப்பட்ட மற்றவர்களும் திறந்துகொள்ளலாம். எம்சிசாஃப்ட் நிறுவனமும் மைக்கேல் கில்லெஸ்பி என்ற ஆய்வாளரும் 2019 அக்டோபரில் இதற்கான கருவியை வெளியிட்டு, அதுவரை வந்திருந்தவற்றில் 148 வகைகளுக்கு வழி செய்தார்கள். குறிப்பில் இருக்கும் அடையாள எண் 't1' என்று முடிந்தால் பொதுச் சாவி. சித்தப்பா வீட்டு எண் அப்படி முடியவில்லை. மேலே தோட்டத்தில் சிக்னல் அற்றுப்போவது அன்றாடம் நடப்பது. அந்த நேரத்தில் வீட்டிலும் நெட் போயிருந்தால், கணக்கு திரும்பக் கிடைக்க வாய்ப்பிருந்திருக்கும்.

அடுத்து, வந்த வழி. 2017 மே 12 அன்று உலகைச் சுற்றிய வான்னாக்ரை, யாரும் எதையும் திறக்காமலேயே விண்டோஸின் ஓட்டை வழியாகக் கணினிக்குக் கணினி பரவியது. அந்த ஓட்டைக்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே கொடுத்திருந்தது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். சித்தப்பாவின் கணினியில் அப்டேட் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பென்டிரைவாக இருக்குமோ என்று பார்த்தேன். தோட்டத்துக்கும் வீட்டுக்கும் போய்வருகிற பென்டிரைவ் ஒன்று உண்டு. ஜெராக்ஸ் கடையில் செருகி எடுத்தால் கோப்புறை போலவே படம் போட்டுக்கொண்டு 'நியூ ஃபோல்டர்' என்று ஒரு நிரல் வந்து உட்காரும் காலம் நமக்கெல்லாம் நினைவிருக்கும். செருகியதும் தானாக ஓடும் வசதியைப் பழைய விண்டோஸ்களிலும் பென்டிரைவுக்கு மட்டும் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது 2011 பிப்ரவரியில். இந்தப் பென்டிரைவை ஸ்கேன் செய்தேன், ஒன்றும் இல்லை.

விடை கணினிக்குள்ளேயே இருந்தது. விண்டோஸ் டிஃபெண்டரில் பாதுகாப்பு வரலாறு என்று ஒரு பக்கம் உண்டு. எந்த நேரத்தில் எதைப் பிடித்தது, அதற்கு நாம் என்ன பதில் சொன்னோம் என்று எழுதிவைக்கும். அதில் ஆபத்து என்று ஒரு பதிவு இருந்தது. பக்கத்திலேயே 'அனுமதிக்கப்பட்டது' என்றும் இருந்தது.

சித்தப்பாவின் மகன், பாலிடெக்னிக்கில் படிக்கும் தம்பிதான் அனுமதித்திருக்கிறான். அப்பாவின் வேலை சுலபமாகட்டும் என்று விலையுள்ள கணக்கு மென்பொருள் ஒன்றின் 'கிராக்' தேடியிருக்கிறான். கிடைத்தது பாஸ்வேர்டு போட்ட ஜிப் கோப்பு. பாஸ்வேர்டு போட்டிருந்தால் ஆன்டிவைரஸ் பிரித்துப் பார்க்க முடியாது, அதற்காகத்தான் போடுகிறார்கள். நிறுவும் முன் ஆன்டிவைரஸை நிறுத்துங்கள், கிராக் என்றால் அது அப்படித்தான் கத்தும் என்று கூடவே குறிப்பு. எந்த நிரல் தன்னைக் காக்கிறதோ அதை வாயடைக்கும்படி சொல்லி, அவன் கையாலேயே செய்யவைத்திருக்கிறார்கள். அவன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நம் ஊர்களில் கணினி வாங்கும்போதே மென்பொருளெல்லாம் யாரோ போட்டுக் கொடுப்பதாகத்தான் வரும். அதற்குத் தனியாக விலை உண்டு என்று அந்த வயதில் யாரும் அவனுக்குச் சொன்னதில்லை.

கன்று கிடைத்துவிட்டது, நாற்றங்காலையும் பார்த்துவிடலாம் என்று பின்னோக்கிப் போனேன். போய்ச் சேர்ந்த இடம் லாகூர். ஐபிஎம் வகைக் கணினிகளில் பரவிய முதல் வைரஸ் என்று அறியப்படும் 'பிரெய்ன்', 1986இல் அங்கே பாசித் ஃபாரூக் ஆல்வி, அம்ஜத் ஃபாரூக் ஆல்வி என்ற அண்ணன் தம்பி எழுதியது. அவர்களின் மருத்துவ மென்பொருளைத் திருட்டு நகல் எடுப்பவர்களைக் கண்டுபிடிக்கவே எழுதியதாகச் சொன்னார்கள். வைரஸுக்குள் தங்கள் பெயர், கடை முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் வைத்திருந்தார்கள். ஃபிளாப்பியின் தொடக்கப் பகுதியில் உட்கார்ந்துகொள்ளும், ஹார்டு டிஸ்கைத் தொடாது. யாராவது அந்தப் பகுதியைப் படிக்க முயன்றால் பழைய நல்ல பகுதியைக் காட்டித் தன்னை மறைத்துக்கொள்ளும். ஃபின்லாந்து ஆய்வாளர் மிக்கோ ஹிப்பொனென் 2011இல் அந்த முகவரியைத் தேடிப் போய் இருவரையும் அங்கேயே சந்தித்தார். ஆல்வி சகோதரர்கள் யாரிடமும் பணம் கேட்கவில்லை, கோப்புகளை அழிக்கும் நோக்கமும் அவர்களுக்கு இல்லை. ஆனால் பாதை அன்றே போடப்பட்டுவிட்டது: திருட்டு நகலில் ஏறி, நகல் எடுப்பவரின் கையாலேயே அடுத்த கணினிக்குப் போவது. லாகூர் ஃபிளாப்பியும் போடியில் இறங்கிய ஜிப் கோப்பும் அந்த ஒரே பாதையில் வந்தவை.

மருந்தின் பூர்வீகத்தையும் தேடினேன். அதில் எனக்குப் பெருமிதம் உண்டு. புனேயில் கால்குலேட்டர் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர் கைலாஷ் கட்கர். பழுதுக்கு வரும் கணினிகளில் வைரஸ் இருப்பதைப் பார்த்து, தம்பி சஞ்சய் கட்கர் துப்புரவு நிரல்கள் எழுதினார். குவிக் ஹீல் அங்கிருந்து வந்தது. சென்னையில் ஜெ. கேசவர்தனன் 1991இல் தொடங்கிய கே7 கம்ப்யூட்டிங், ஜப்பானில் சோர்ஸ்நெக்ஸ்ட் நிறுவனத்தின் பெயரில் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. கண்ணெதிரே நிற்கும் ஒருவரின் கெட்டுப்போன கணினியைச் சரிசெய்யப் போய்ப் பிறந்த தொழில் இது. அதனால்தானோ என்னவோ, எவ்வளவு நல்ல ஆன்டிவைரஸும் கணினிக்காரரின் பேச்சை மீறுவதில்லை. அது எச்சரிக்கும், தடுக்கும். உரிமையாளர் 'விடு' என்றால் விட்டுவிடும்.

சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப அது சொல்லியிருக்கு, நாமதான் கேக்கல" என்றார். கணினியை முழுக்க அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டோம். அன்றாட வேலைக்கு அட்மின் உரிமையில்லாத கணக்கு ஒன்று. டிஃபெண்டரில் நாமாக இயக்கும்வரை அணைந்தே இருக்கும் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' வசதியை இயக்கினோம். தெரியாத நிரல் எதுவும் இனிக் கணக்குக் கோப்புறையில் கை வைக்க முடியாது. இந்த ரான்சம்வேரோடு பாஸ்வேர்டு திருடும் நிரலும் சேர்ந்தே இறங்குவதுண்டு. அதனால் வங்கி, மின்னஞ்சல் பாஸ்வேர்டுகளை வேறொரு போனிலிருந்து மாற்றினோம். சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கும் தகவல் சொன்னோம். பூட்டுப்பட்ட கோப்புகளைத் தனி டிஸ்கில் வைத்திருக்கிறோம். காண்ட்கிராப் என்ற ரான்சம்வேரின் மூலச் சாவிகளை எஃப்.பி.ஐ. 2019இல் வெளியிட்டதுபோல இதற்கும் ஒருநாள் வரலாம்.

கணக்கைக் கங்காணியின் நோட்டிலிருந்து லிப்ரே ஆபிஸில் திரும்ப ஏற்றுகிறார்கள். அது இலவசம், யாருடைய நகலும் இல்லை. சனிக்கிழமை கூலி கொடுத்து முடித்ததும் வெளி டிஸ்கில் பிரதி எடுத்துக் கழற்றிவிடுகிறார் சித்தப்பா. செருகியே வைத்திருந்தால் அதையும் சேர்த்தே பூட்டிவிடும் என்பதை அவருக்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தம்பி கடைசியில்தான் ஒன்றைச் சொன்னான். அதே ஜிப் கோப்பை வகுப்பில் இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறானாம். இருவரையும் உடனே போனில் கூப்பிட்டோம். ஒருவன் இன்னும் பிரிக்கவில்லை, பேசிக்கொண்டிருக்கும்போதே நீக்கிவிட்டான். இன்னொருவன் கணினியை நாளைக் காலையில் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன், நெட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு.