வெள்ளாற்றின் பிறந்தகம்

பெரம்பலூர் மாவட்டத்து எறையூரைச் சர்க்கரை ஆலையைக் கொண்டே பலரும் அறிவர். அண்மைக் காலமாகச் சிப்காட் தொழிற்பூங்காவும் அவ்வூரின் பெயரைச் சொல்லி வருகிறது. அந்த ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பியே முப்பது ஆண்டுகளைக் கழித்த எங்களுக்கோ, எல்லாவற்றினும் பெரிது வடக்கே ஓடும் வெள்ளாறுதான். ‘ஓடும்’ என்று எழுதுவது பழக்கத்தினால். ஆண்டின் பெரும்பகுதி அது மணலாகவே கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மேற்கே மழை பெய்தால் நீர் வரும். நீர் வந்தால் கிணறு ஊறும். கிணறு ஊறினால் வீட்டில் பேச்சும் சற்று இனிமையாக இருக்கும்.

அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் நெடுநாளைய ஆசை. பிள்ளைகளின் படிப்பு, திருமணம் என்று ஒவ்வொன்றாக வந்து அதைத் தள்ளிப் போட்டன. இவ்வாண்டு ஐப்பசி பிறந்ததும், மகனின் சிறிய காரை வாங்கிக்கொண்டு கணவனும் மனைவியுமாக இருவர் மட்டும் புறப்பட்டோம். மேலைநாடுகளில் இக்காலத்தில் மரங்களெல்லாம் செம்மஞ்சளாகி இலையுதிர்க்குமாம். அதைக் காணவென்றே குடும்பங்கள் மலைநாட்டுக்குச் செல்லுமாம். நம் முன்னோர் இப்பருவத்தைக் கூதிர் என்றனர். நம் மலைகளில் இது பச்சை முதிரும் காலம்.

வேப்பந்தட்டை, கிருஷ்ணாபுரம் வழியே மேற்கு நோக்கிச் செல்லச் செல்லப் பச்சைமலை நெருங்கி வந்தது. தொண்டமாந்துறைக்கு அருகே, பச்சைமலையும் செம்மலையும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் இடைவெளியில், கல்லாற்றை மறித்து விசுவக்குடி அணையைக் கட்டியிருக்கிறார்கள். பெரிய அணையன்று. ஆயினும் மழையை மட்டுமே நம்பிய வானம் பார்த்த பூமியில், மலையடியில் தேங்கி நிற்கும் நீரைக் காண்பது கண்ணுக்கு விருந்தாயிருந்தது. அரும்பாவூரில் மரச்சிற்பப் பட்டறை ஒன்றில் சிறிது நேரம் நின்றோம். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில் அது. உளிபடும் ஓசையைக் கேட்டுக்கொண்டு நாள் முழுவதும் அங்கேயே இருந்துவிடலாம். ஆனால் மலை அழைத்தது.

தம்மம்பட்டிப் பள்ளத்தாக்கில் கிழக்கே பச்சைமலை, மேற்கே கொல்லிமலை. இரண்டுக்கும் நடுவே வருவதுதான் சுவேத நதி. ஆத்தூர்ப் பக்கமிருந்து வரும் வசிஷ்ட நதியோடு இது கூடிய பிறகே வெள்ளாறு என்ற பெயர் பெற்றுப் பரங்கிப்பேட்டைக்கு அருகே கடலை அடைகிறது. சுவேதம் என்றாலும் வெண்மைதானே! புகுந்த வீட்டில் தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டது போலும் என்று சிரித்துக்கொண்டோம். அந்நதியின் பிறப்பிடம் கொல்லிமலை. ஆகவே எங்கள் ஆற்றின் பிறந்தகம் நோக்கி நாங்கள் தொடர்ந்தோம்.

மலையைச் சுற்றிச் சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரத்தை அடைந்தோம். அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்கிறது. முப்பது வரை உரக்க எண்ணினோம். பிறகு வாய் தானாக மூடிக்கொண்டது. உச்சியை நெருங்கியபோது மேகம் சாலையின் குறுக்கே நடந்து போயிற்று. கீழே வெயிலில் கிடந்த சமவெளியைத் திரும்பிப் பார்த்தபோது, நம்முடைய அன்றாடக் கவலைகள் குடியிருக்கும் இடம் இத்துணைச் சிறியதா என்று வியப்புற்றோம்.

கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அறப்பளீசுவரர் கோவிலை அடுத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் ஆகாய கங்கை அருவிக்கு இறங்குகின்றன. எங்களுள் மூட்டுவலியுள்ள ஒருவர் மேலேயே அமர்ந்துகொண்டார். அவர் யார் என்று இங்கே எழுதிக் குடும்பத்தில் பூசலை வளர்க்க விரும்பவில்லை. இறங்கிச் சென்றவரோ, மேலிருந்தவருக்கென்று ஒரு புட்டியில் அருவிநீர் நிரப்பிக்கொண்டு, மூச்சு வாங்க ஏறி வந்தார். ஆனால் அது எங்கள் ஆற்று நீர் அன்று. அய்யாறாகப் புளியஞ்சோலைப் பக்கம் இறங்கிக் காவிரியைச் சேர்வது. ஒரே தாய் ஒரு மகளைக் காவிரிக்கும் மற்றொரு மகளை வெள்ளாற்றுக்கும் கட்டிக்கொடுத்திருக்கிறாள்!

வளவந்தியைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த ஜெசி பிராண்டு, ஈவ்லின் பிராண்டு என்னும் தம்பதியர் இம்மலையில் தங்கி, மக்களுக்கு மருந்தும் எழுத்தும் தந்தனர். அவர்கள் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர், பாப்டிஸ்டு சபையினர். 1929-இல் ஜெசி காய்ச்சலால் இங்கேயே இறந்தார். ஈவ்லின் அம்மையார், ஓய்வுபெறும் வயது கடந்த பின்னும் மலையை விடவில்லை. கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை என்று குட்டைக் குதிரையேறிச் சுற்றி, 1974-இல் தமது 95-ஆம் வயதில் மறைந்தார். இம்மலையில் ஓடியாடி வளர்ந்த அவர்தம் மகன் பால் பிராண்டுதான், பின்னாளில் வேலூரில் தொழுநோயாளரின் மடங்கிப்போன விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றவர். கணவரின் கல்லறைக்கு அருகிலேயே அம்மையாரும் துயில்கொள்கிறார். நாற்பத்தைந்து ஆண்டுகள் தனித்து நடந்தவர்! அதை எண்ணியபோது நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

சோளக்காட்டுச் சந்தை அருகே அன்னாசிப்பழம் விற்ற மூதாட்டி ஒருவரிடம், “இங்கே சாமை கிடைக்குமா பாட்டி?” என்று கேட்டோம்.

“எங்கேம்மா சாமை! எல்லாம் குச்சிக்கிழங்குதான். சாமையை இடிச்சுத் தீட்ட யாருக்குக் கை இருக்குது? கிழங்குன்னா லாரி வந்து தூக்கிட்டுப் போவுது, காசு வருது” என்றார்.

அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. கம்பும் வரகும் விளைந்த நிலத்தில் ஆலைக்காகக் கரும்பை வைத்தவர்கள் நாங்களுந்தானே. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை என்று வகைவகையாய் விளைந்த மலை இது. அவற்றைக் காக்க எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து மலைவாழ் மக்களோடு சேர்ந்து உழைத்து வருகிறது. சாமையைத் தீட்டும் சிறு இயந்திரங்களும் ஊர்களுக்கு வந்தன. ஆயினும் சரிவுகளில் நாங்கள் கண்டவை பெரும்பாலும் கிழங்குக் கொல்லைகளே. கிழங்கைப் பிடுங்கும்போது மண்ணும் புரண்டு பொலபொலவென்று நிற்கிறது. மழை வந்தால் அந்த மண் எங்கே போகும் என்பதை உழவுத்தொழில் அறிந்த எவரும் சொல்லிவிடுவர்.

மறுநாள் முள்ளுக்குறிச்சிப் பாதையாக இறங்கினோம். வளைவுகள் குறைவு, மூட்டுவலிக்காரரும் வாழ்த்தினார். முந்தைய இரவு மலையில் நல்ல மழை. தம்மம்பட்டியில் வண்டியை நிறுத்திச் சுவேத நதியைப் பார்க்கச் சென்றோம். பெயருக்கு மாறாக, செங்காவி நிறத்தில் முழங்கால் அளவு நீர் நுரைத்துப் போய்க்கொண்டிருந்தது. கையில் அள்ளி வைத்திருந்தபோது உள்ளங்கையில் மலைமண் மெல்லப் படிந்தது. கரையில் மாடு கழுவிக்கொண்டிருந்தவர், “மேலே இன்னும் ரெண்டு மழை புடிச்சா உங்க ஊருக்கு வந்துரும்” என்றார். நம் கிணற்றுக்கு எத்தனை நாளில் ஊறும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வண்டியில் ஏறினோம்.