பிடிமானம் இல்லாத இடத்தில்



போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு செல்லும் சாலை, முந்தலைக் கடந்ததும் மலையேறத் தொடங்குகிறது. கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் இப்பகுதி, கொண்டை ஊசி வளைவுகள் பலவற்றைத் தாண்டிப் போடிமெட்டு எல்லையைத் தொடுகிறது. விடியுமுன் ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் இவ்வழியே ஏறும். பொழுது சாயும்போது இறங்கும்.

எங்கள் சபையின் தாய் ஒருவர் பல ஆண்டுகளாக அந்த ஜீப்பில் போய் வருகிறவர். கணவரை இழந்தவர். காய் எடுத்த கூலியில் ஒரே மகனைப் படிக்க வைத்தார். அவன் இப்போது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மேற்படிப்புப் படிக்கிறான். கடந்த குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பின் அவர் தமது கைபேசியை என்னிடம் நீட்டினார். அதில் ஒரு காணொளி: பனிச்சரிவில் நட்டிருந்த ஓர் இரும்புக் கம்பியின்மேல் மகன் சறுக்கி ஏறுகிறான், மறுகணம் பக்கவாட்டில் சாய்ந்து விழுகிறான்.

"ஐயா, நீங்க சொன்னா கேப்பான். இத விட்டுறச் சொல்லுங்க" என்றார் அந்தத் தாய்.

அன்றிரவே அவனை அழைத்தேன். "தம்பி, அம்மா தூங்காமல் இருக்கிறார்கள். அது என்ன விளையாட்டு?" என்று கேட்டேன். அவன் பொறுமையாக விளக்கினான்.

பனிச்சறுக்குக்காரர்கள் கால்களில் மாட்டும் நீண்ட பட்டைகளின் இருபுறமும் கூரிய உருக்கு விளிம்புகள் உண்டு. திரும்பவும் நிற்கவும் அந்த விளிம்பைப் பனியில் பதிய வைப்பார்கள். புதியவன் முதலில் கற்பதே அதுதான். ஆனால், கம்பியின்மேல் அது உதவாது. இரும்பை விளிம்பு கவ்வாது. பயந்துபோய் விளிம்பை ஊன்றினால், பட்டை நழுவி ஆளைக் கீழே தள்ளிவிடும். ஆகவே அங்கே பட்டையைத் தட்டையாக வைத்துச் சறுக்க வேண்டும். முழங்கால்களைச் சற்று மடக்கி, உடலின் பாரத்தைப் பாதங்களுக்கு நேராக வைத்து, கண்களைக் காலடியில் அல்ல, கம்பியின் மறுமுனையில் நிறுத்த வேண்டும். அச்சம் நம்மைப் பின்னால் சாயச் சொல்லும். சாய்ந்தால் கால்கள் முன்னே ஓடிவிடும்.

"எடுத்த எடுப்பில் யாரையும் கம்பியில் ஏற்றமாட்டார்கள் ஐயா" என்றான் அவன். முதலில் சமதளப் பனியில் குதித்துத் திரும்பப் பழக்குவார்களாம். பிறகு, தரையோடு தாழ்ந்த, அகலமான, வழுவழுப்பான மேடையொன்றின்மேல் நேராகச் சறுக்க வேண்டும். அது கைவந்த பின்பே பக்கவாட்டில் திரும்பிச் சறுக்குவது. அதற்கும் பின்பே குறுகிய கம்பி. தலைக்கவசம் இன்றி அவன் ஏறுவதில்லை.

இது வெறும் விடலைத்தனமும் அல்ல. கம்பிகளும் பனிமேடுகளும் கொண்ட ஸ்லோப்ஸ்டைல் என்னும் போட்டி, 2014இல் ரஷ்யாவின் சோச்சியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. விழுவது புதியவர்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. காஷ்மீரின் குல்மார்க் சரிவுகளில் பழகிய ஆரிஃப் கான், 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராக இறங்கினார். ஒரு பனிச்சறுக்குப் போட்டியில் 45ஆம் இடம் பெற்றார். அடுத்த போட்டியை அவரால் முடிக்க இயலவில்லை.

பிரியமானவர்களே, அவன் சொன்ன ஒரு காரியம் என் உள்ளத்தில் தங்கிவிட்டது. ஓரிடத்தில் நம்மைக் காத்த பிடிமானமே வேறோர் இடத்தில் நம்மை விழச் செய்யும். நம் மலைச்சாலையின் ஓட்டுநர்களும் இதை அறிவார்கள். இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்தபடியே வந்தால், அது சூடேறி, தேவையான வேளையில் பிடிக்காமல் போகும். தேர்ந்தவர்கள் ஏறிய கியரிலேயே இறங்குவார்கள். வேண்டிய இடத்தில் மட்டும் பிரேக்கைத் தொடுவார்கள்.

பிள்ளைகளை வளர்ப்பதும் அப்படித்தானே? கைப்பிடித்து நடத்தவேண்டிய பருவம் ஒன்று உண்டு. அந்தப் பிடி இனி உதவாது என்னும் பருவமும் வருகிறது. மோசேயின் தாய் தன் குழந்தையை மூன்று மாதம் ஒளித்து வைத்தாள். அதற்குமேல் இயலாதபோது நாணற்பெட்டியில் நீர் புகாதபடி கீல் பூசினாள். தன்னால் ஆன அனைத்தையும் செய்தாள். பின்பு அதை நதியோரத்து நாணலுக்குள் வைத்துக் கையை எடுத்தாள். அவள் கையை எடுத்தது அன்பு குறைந்ததினால் அல்ல. பூசவேண்டிய கீலைப் பூசாமல் விடுவதும் விசுவாசம் அல்ல. பூசிய பின்னும் பெட்டியை விடாதிருப்பதும் விசுவாசம் அல்ல.

மறுநாள் மாலை அந்தத் தாயிடம் யாவற்றையும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவன் சின்னப் பிள்ளையா இருந்தப்போ, நான் வர்ற ஜீப்பு வரைக்கும் தெருமுனையிலேயே நிப்பான் ஐயா. அவனுக்கும் இப்படித்தானே இருந்திருக்கும்! போகாதம்மான்னு ஒரு நாளும் சொன்னதில்ல" என்றார். கண்களைத் துடைத்துக்கொண்டு மகனை அழைத்தார். "தலைக்கவசத்தக் கழட்டிராதப்பா" என்று மட்டும் சொன்னார்.

அவருடைய பயம் நீங்கிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். இன்றும் சனிக்கிழமைதோறும் அவன் சறுக்கச் செல்லும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, அந்நேரம் முழங்காற்படியிடுகிறார். ஆனால், "விட்டுவிடு" என்று அவனிடம் சொல்வதில்லை. பயம் போன பின்பு நிமிர்ந்து நிற்பது எளிது. பயம் இருக்கையிலேயே பின்னால் சாயாமல் நிற்பதற்கே கிருபை வேண்டும்.

இந்த வாரம் உங்களில் யாரேனும் அப்படியொரு வழுக்குமிடத்தில் நிற்கலாம். அது மருத்துவரின் அறிக்கைக்காகக் காத்திருப்பதாகவோ, தொலைவில் இருக்கும் பிள்ளையைக் குறித்த கவலையாகவோ இருக்கலாம். உங்களால் ஆனதைச் செய்துவிட்டீர்களா என்று பாருங்கள். செய்திருந்தால், பற்றிக்கொள்ள அங்கே வேறொன்றும் இல்லையே என்று கலங்காதிருங்கள். கண்களை மறுமுனைக்கு உயர்த்துங்கள். உங்களை அதன்மேல் நடத்துகிறவர் அங்கேயும் இருக்கிறார்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் காத்துக்கொள்வாராக. ஆமென்.