சுந்தரபாண்டியபுரம் தந்த படிப்பினை

ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழைந்து குற்றாலத்தில் சாரலைத் தூவும். அதே காற்று கிழக்கே வந்து சுந்தரபாண்டியபுரத்து வயல்களையும் தாலாட்டும். பொன் விரித்தாற்போல் அங்கே மலர்ந்து நிற்கும் சூரியகாந்திப் பூக்களைக் காண்போர் ‘ஸுப்ஹானல்லாஹ்’ என்று சொல்லாமல் இருக்க மாட்டார்கள். கடந்த ஆடியில் மேலப்பாளையத்திலிருந்து குடும்பத்துடன் குற்றாலம் புறப்பட்ட நாங்கள், அப்பூக்களைக் காண்பதற்கென்றே தென்காசியிலிருந்து அவ்வூருக்குத் திரும்பினோம்.

சென்றது என் மச்சானின் பழைய வோல்க்ஸ்வேகன் வேனில். 1950-இல் ஜெர்மனியில் உற்பத்தி தொடங்கிய வகை அது. என்ஜின் பின்புறத்தில் இருக்கும். ரேடியேட்டரும் தண்ணீரும் கிடையா. விசிறி தரும் காற்றே என்ஜினைக் குளிர்விக்கும். 1960, 70களில் ஐரோப்பிய இளைஞர் பலர் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியே தரைமார்க்கமாக இந்தியா வந்து சேர்ந்தது இத்தகைய வேன்களில்தான்.

ஊர் எல்லையில் ஆட்டு மந்தைக்காக மச்சான் வேகத்தைக் குறைத்தார். வண்டி நின்றுவிட்டது. மீண்டும் கிளப்பினார், ஆக்ஸிலேட்டரை அழுத்தியிருக்கும் வரை ஓடியது, காலை எடுத்ததும் அணைந்தது. “கார்புரேட்டரில் அடைப்பு. கழற்ற வேண்டியதுதான்” என்றார்.

எனக்கோ வேறொரு நினைவு வந்தது. தென்காசியில் தேநீர் அருந்த நின்றபோது, பதினொரு வயது மருமகன் என்ஜின் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். “நீதானே எதையோ பிடித்து இழுத்தாய்?” என்று எல்லோர் முன்னிலையிலும் அதட்டினேன். “நான் பார்க்க மட்டும்தான் செஞ்சேன், மாமா” என்றான். நான் நம்பவில்லை. பையன் வரப்போரம் போய்த் தனியே அமர்ந்துகொண்டான்.

ஊருக்குள்ளிருந்து, மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரை அழைத்து வந்தோம். இவ்வகை வேனை அவர் அதற்கு முன் தொட்டதில்லையாம். ஆயினும், “பாய், கார்புரேட்டரைக் கடைசியில பாருங்க. முதல்ல வெளியே இருக்கிறதைப் பார்ப்போம்” என்றார்.

“சரி, அண்ணாச்சி” என்று மச்சான் ஒதுங்கினார்.

அண்ணாச்சி பெட்ரோல் வாடை வருகிறதா, எங்கேனும் கசிகிறதா என்று முதலில் பார்த்தார். கசிவு இருந்தால் தீப்பொறி பட்டு வண்டியே எரிந்துவிடும் என்பதால் அதுதான் முதல் சோதனை. அடுத்துப் பிளக் ஒயர்கள். அதன்பின் எங்களுக்கு விளக்கினார். கார்புரேட்டரின் வேலை, எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்றைக் கலந்து தருவது. வேகமாக ஓடும்போது பெட்ரோல் வருவது ஒரு வழி. மெதுவாக ஓடும்போது வருவது ‘ஸ்லோ ஜெட்’ என்னும் நுண்துளை வழி. அழுத்தினால் ஓடுகிறது என்பதால் பெட்ரோலும் தீப்பொறியும் சரியாகவே இருக்கின்றன. குறை ‘ஸ்லோ’ வழியில் மட்டுமே.

அவ்வழியைத் திறந்து மூட, கார்புரேட்டரின் பக்கவாட்டில் மின்சாரத்தால் இயங்கும் சிறு வால்வு ஒன்று உண்டு. சாவியைத் திருப்பியதும் ‘டக்’கென்ற ஓசையுடன் அது திறக்க வேண்டும். அன்று ஓசை வரவில்லை. சாவியை அணைத்துவிட்டு ஒயரைத் தொட்டுப் பார்த்தார். துரு ஏறி, பிடி தளர்ந்து, முனை நழுவிக் கிடந்தது. “இது யாரும் இழுத்ததில்ல, பாய். வருஷக்கணக்கா ஆடி ஆடித் தளர்ந்தது” என்றார். துருவைச் சுரண்டி, முனையை இறுக்கிச் செருகினார். வண்டி நிதானமாக ஓடியது. கார்புரேட்டரில் ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை.

வெடிப்பு கண்டிருந்த ரப்பர் குழாய்களையும் அவரே சுட்டிக்காட்டினார். தற்போது விற்கப்படும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. அக்காலத்து ரப்பர் அதைத் தாங்காது. எத்தனாலைத் தாங்கும் குழாய்களை உடனே மாற்றும்படியும், வண்டியில் தீயணைப்பான் ஒன்றை வைத்துக்கொள்ளும்படியும் அறிவுறுத்தினார். பழைய வாகனம் வைத்திருப்போர் இதனைக் கவனத்தில் கொள்வது நலம்.

எல்லோரும் மகிழ்ந்தனர். என்னால் இயலவில்லை. தீர விசாரித்துத் தெளிவு பெறுவதை வலியுறுத்தி, தவறான ஐயங்களை விலக்கும்படி கட்டளையிடும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தைப் பல ஆண்டுகளாக மாணவர்களுக்கு ஓதிக்கொடுப்பவன் நான். கார்புரேட்டரைக் குற்றம் சாட்டுமுன் வெளியே உள்ளதை ஒவ்வொன்றாய்ப் பார்த்தார் அந்த முதியவர். நானோ ஒரு சிறுவனின் சொல்லைக் கேட்கவும் பொறுமையில்லாதிருந்தேன்.

வாய்க்காலில் உளூச் செய்து அஸர் தொழுதோம். பிறகு பையனிடம் சென்று, எல்லோர் முன்னிலையிலும் அதட்டியதால் எல்லோர் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்டேன். சற்று நேரம் பேசாதிருந்த அவன், “இப்போ அந்த ‘டக்’ சத்தத்தை நான் கேட்கலாமா, மாமா?” என்றான். சாவியை அவன் கையிலேயே கொடுத்தோம்.

அன்று மாலை குற்றாலத்தில் சாரல் நன்றாகவே இருந்தது. ஆயினும், என் நெஞ்சில் நிற்பது அவன் முகம் மலர்ந்த சுந்தரபாண்டியபுரத்துச் சாலைதான். நம் பிள்ளைகள்மீது ஐயம் கொள்ளுமுன் ஆராய்ந்தறியும் பொறுமையை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக, ஆமீன்.