விடிகாலை மூன்றரை வகுப்பு

ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தர ஆய்வுப் பிரிவில் வேலை. ஏ ஷிப்ட் என்றால் 6 மணிக்கு உள்ளே இருக்கணும். என் ஆன்லைன் வகுப்பு அதற்கும் முன்னால்: அமெரிக்கக் கிழக்குக் கரையில் கோடைகால மாலை 6 மணி, ஸ்ரீபெரும்புதூரில் விடிகாலை 3.30.

நடத்தைப் பகுப்பாய்வில் முதுகலை படிக்கிறேன். காரணம் என் மகன். ஏழு வயது, ஆட்டிசம். மிக்சி சத்தம் கேட்டால் தலையைச் சுவரில் மோதுவான். அதட்டியிருக்கிறேன். ஒருமுறை அடித்தும்விட்டேன். அந்த நாள் இன்னும் நெஞ்சில் கிடக்கிறது.

லைனில் ஒரு பாகம் ரிஜெக்ட் ஆனால் 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்போம், பாகத்தைத் திட்டமாட்டோம். பிள்ளையிடம் மட்டும் ஏன் கேட்கவில்லை? செயலுக்கு முன் என்ன நடந்தது, பின் என்ன கிடைத்தது என்று பார்க்கத்தான் இந்தப் படிப்பு முதலில் சொல்லித்தந்தது. இப்போது அவன் கையில் 'நிறுத்து' அட்டை ஒன்று. நீட்டினால் மிக்சி நின்றுவிடும். சட்னி அரைக்க அரை மணி ஆகும், ஆகட்டும்.

இத்துறையின் பழைய முறைகளில் தண்டனையும் இருந்தது, உளவியலாளர் லோவாஸ் 1987-ல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்விலும்கூட. ஆட்டிசத்தோடு வளர்ந்தவர்கள் அதைக் கண்டித்து எழுதுவதையும் பாடமாகவே படிக்கிறேன்.

நடத்தைப் பகுப்பாய்வாளர்களுக்கு அமெரிக்க வாரியம் தரும் பிசிபிஏ (BCBA) சான்றிதழுக்கு 2023 முதல் இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்க முடியாது. தெரிந்துதான் சேர்ந்தேன்.

நேற்று கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுத் தம்பி மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, என் பொண்ணு இன்னும் பேசல. ஞாயித்துக்கிழமை வீட்டுக்குக் கூட்டி வரட்டுமா?"

வரச் சொல்லியிருக்கிறேன்.