பாலையில் கூடாரம் அடிக்குமுன்

கணவரின் தொழில் காரணமாக நாங்கள் டுபாயில் வசிக்கிறோம். எங்கள் மகளுக்குப் பல்லி, ஓணான், பாம்பு என்றால் அளவற்ற ஆசை. எனக்கோ பயம். அதனால் விடுமுறைக்குப் பாலைவனத்தில் தங்கும்போது, இடம் தெரிவு செய்யும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். பிள்ளைக்கும் ஆபத்து வரக்கூடாது. எங்களால் அந்த உயிர்களுக்கும் ஆபத்து வரக்கூடாது.

முதலில் காலத்தைப் பார்க்க வேண்டும். மார்கழி, தைக் குளிரில் ஊர்வன பெரும்பாலும் வளைக்குள் முடங்கிவிடும். கோடை வெயிலை எங்களால் தாங்க முடியாது. மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களே உகந்தவை.

சரளைக் கற்கள் பரந்த வெளிகளில் 'ளப்' எனும் முள்வால் பல்லி வாழ்கிறது. இரண்டு அடி வரை வளரும். நம்மவர்கள் இதனை உடும்பு என்பார்கள். ஆனால் உடும்பு இறைச்சி தின்பது. இதுவோ பெரும்பாலும் இலை தழைகளையே உண்பது. காலையில் கறுத்த உடலோடு வந்து வெயில் காயும், சூடேறியதும் வெளிறிவிடும். இதன் வளைகள் உள்ள நிலத்தில் வாகனத்தை ஏற்றினால் வளை இடிந்துவிடும். ஆகவே ஏற்கனவே உள்ள தடத்திலேயே நிறுத்திவிட்டு, தள்ளி நின்று பார்ப்போம்.

மணல் மேடுகளில் மணலுக்குள் நீந்தும் அரணையும், கொம்பு விரியனும் உண்டு. விரியன் மணலில் புதைந்து கண்களை மட்டும் வெளியே வைத்திருக்கும். எனவே புதர்களுக்கும் வன்னி மரங்களுக்கும் அருகில் கூடாரம் அடிப்பதில்லை. திறந்த வெளியே நல்லது. இருட்டியபின் சப்பாத்தும் டோர்ச்சும் இன்றி எவரும் வெளியே இறங்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். விறகை வீட்டிலிருந்தே கொண்டு செல்வோம்.

ஹத்தா மலைப்பக்கம் போனால் ஆற்றுப் படுகையில் தங்கவே கூடாது. நீர்க்குட்டைகளை நாடி இரவில் சுருட்டை விரியன்கள் வரும். மழை வந்தால் வெள்ளமும் நொடியில் வந்துவிடும். 2024 ஏப்ரல் 16ஆம் திகதி அல்ஐன் பகுதியில் ஓரிடத்தில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீற்றர் மழை கொட்டியதை இந்நாடு மறக்காது.

டுபாயில் 225 சதுர கிலோமீற்றர் பாலை, 2003இல் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. அங்கே நினைத்தபடி நுழைந்து தங்க முடியாது. வெளியே தங்குவதாயினும் அனுமதி பற்றி விசாரித்தே செல்ல வேண்டும்.

ஊரில் முற்றத்தில் பாம்பைக் கண்டால் பொல்லைத் தேடுவோம். சென்ற ஆண்டு ஓர் இரவு, பத்தடி தூரத்தில் கொம்பு விரியன் ஒன்று மணலில் பக்கவாட்டாக நெளிந்து சென்றது. மகளின் கையை இறுகப் பிடித்தபடி நின்றேன். அவள் மூச்சு விடாமல் பார்த்தாள். காலையில், அது விட்டுச்சென்ற சாய்வான கோடுகளைத் தன் கொப்பியில் வரைந்துகொண்டாள். பிள்ளையின் ஆசையை என் பயத்தால் அடக்கிவிடவில்லையே என்ற திருப்தி எனக்கு.